வாயில்லா உயிரின் மருத்துவக் குறிப்பேடு



ஊர் மாறுவது ஒரு குடும்பத்திற்கு எளிய காரியமன்று. பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, எரிவாயு இணைப்புப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம் என ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்து வைக்கிறோம். சென்ற கோடையில் திண்டுக்கல்லை விட்டுத் தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்தபோது நாங்களும் அவ்வாறே செய்தோம். இரண்டு பக்க அளவில் பட்டியல் எழுதி, ஒவ்வொரு பெட்டியாகச் சரிபார்த்தே லாரியில் ஏற்றினோம். அம்மியும் குழவியும்கூடப் பட்டியலில் இருந்தன. விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அது எங்கள் வீட்டு நாய் மணியின் மருத்துவ அட்டை. மடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும் ஒரு துண்டு அட்டைதான். அது இல்லாமையால் நாங்கள் பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நாயோ பூனையோ ஆடோ மாடோ வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன அல்லவா?

புதிய வீட்டிற்கு வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு மாலைப்பொழுதில் பக்கத்து வீட்டுச் சிறுவன் பந்தை எடுக்க எங்கள் முற்றத்திற்குள் ஓடி வந்தான். அவனுக்கு வயது ஏழு. புதிய இடத்தில் இன்னும் மிரட்சி தீராதிருந்த மணி, அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பல் பட்ட இடத்தில் சிறிது இரத்தம் கசிந்தது. எங்கள் இல்லத்தரசி உடனே சிறுவனைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று, சோப்பு நீரால் காயத்தைக் கழுவினார். அதற்குள் சிறுவனின் தாயும் பதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"அக்கா, தவறாக நினைக்காதீர்கள். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா?" என்று அவர் கேட்டார்.

"ஆண்டு தவறாமல் போடுகிறோம் அம்மா. நீங்கள் கலங்க வேண்டாம்" என்றோம் நாங்கள். மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவ்வாறே நாங்கள் உறுதியாக நம்பியிருந்தோம்.

அந்தத் தாயின் முகம் சற்றே தெளிந்தது. "அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் அல்லவா?" என்றார். "வேண்டாம்" என்ற சொல் எங்கள் நாவின் நுனிவரை வந்துவிட்டது. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் அந்நேரத்தில் குறுக்கிட்டு, "நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளையை அழைத்துப் போகத்தான் வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே அனைவருமாக அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.

அங்கிருந்த மருத்துவரும் அதையே சொன்னார். வெறிநாய்க்கடி நோய் ஒருமுறை தலைகாட்டிவிட்டால், பிழைப்பவர் அரிதினும் அரிது. ஆனால் கடித்த உடனே முறைப்படி மருத்துவம் செய்தால் அந்நோயை வரவிடாமல் தடுத்துவிடலாம். ஆகையால் நாய்க்குத் தடுப்பூசி போட்ட சான்று இருப்பினும், கடிபட்டவருக்குரிய மருத்துவத்தைத் தள்ளிப்போடலாகாது. இரத்தம் கசிந்த காயமாதலால், காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்து செலுத்தினார்கள். தடுப்பூசியை அன்றும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும் என்றார்கள். காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதையும் நினைவூட்டினார்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் முதலியவற்றைக் காயத்தில் அப்பக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். பின்னர் மருத்துவர் எங்கள் பக்கம் திரும்பி, "நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். அதன் தடுப்பூசி அட்டை எங்கே?" என்று கேட்டார்.

அன்றிரவு வீட்டில் பிரிக்காத பெட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. பழைய நாட்காட்டிகளுக்கிடையிலும், மின்கட்டண ரசீதுகளுக்கிடையிலும் தேடினோம். அட்டை கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் திண்டுக்கல்லில் மணியைப் பார்த்துவந்த கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவரிடம் விடைபெறாமலேயே ஊரைவிட்டு வந்திருந்தோம் என்பது அப்பொழுதுதான் நினைவிற்கு வந்து உறுத்தியது. அம்மனிதர் அதைப் பொருட்படுத்தவில்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லித் தம் பதிவேட்டை எடுத்து வந்து, ஒவ்வொரு தேதியாக வாசித்தார். மணி குட்டியாக இருந்தபோது போட்டவை, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று வரிசையாக வந்தன. பிறகு நிறுத்திவிட்டார்.

"அதற்குப் பிறகு?" என்று கேட்டோம்.

"அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லையே சார். கடைசி ஊசி போட்டு இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் ஆகின்றன" என்றார் அவர்.

எங்கள் மூத்த மகளின் திருமணம் நடந்த ஆண்டு அது. அழைப்பிதழ், பந்தல், பாத்திரம் என்று அலைந்த அலைச்சலில் மணியின் ஊசி தப்பிப்போயிருக்கிறது. அடுத்த ஆண்டும் எவ்வாறோ கழிந்துவிட்டது. நினைவு மட்டும் "ஆண்டு தவறாமல்" என்று சாதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தாயிடம் நாங்கள் சொன்னது, அறியாமல் சொன்ன பொய்யாகிவிட்டது. செவிலியர் குறுக்கிடாமல், அப்பொய்யை நம்பி அவர் வீடு திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணுந்தோறும் இன்றும் உடல் நடுங்குகிறது.

பக்கத்து வீட்டிற்குச் சென்று உண்மையைச் சொல்வதா, வேண்டாமா என்று நாங்கள் தயங்கினோம் என்பதை மறைப்பானேன்? சிறுவனுக்குத்தான் மருத்துவம் தொடங்கிவிட்டதே, இனிச் சொல்லி அவர்களை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று மனம் சமாதானம் தேடியது. எனினும் அன்று மாலையே சென்று சொன்னோம். அந்தத் தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மீதி ஊசியை ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டேன் அக்கா" என்று மட்டும் எங்கள் இல்லத்தரசியிடம் சொன்னார். அந்தப் பத்து நாட்களும் எங்கள் இரு வீடுகளிலும் எவரும் நிம்மதியாக உண்ணவில்லை. மணி ஒழுங்காக உண்டது, நீர் குடித்தது, வாலை ஆட்டியது. பதினோராம் நாள் அதைப் புதிய மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பரிசோதித்து, விட்டுப்போன தடுப்பூசியைப் போட்டார். சிறுவனும் தனக்குரிய ஊசிகளையெல்லாம் முடித்துக்கொண்டு நலமாக இருக்கிறான்.

அதற்குள் திண்டுக்கல் மருத்துவர் தம் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தார். அதன் கடைசி வரியில் ஒரு குறிப்பு இருந்தது. மணிக்கு இரண்டு வயதானபோது, காலில் சீழ்வைத்த புண்ணுக்காகப் பென்சிலின் வகை ஊசி போட்டதாகவும், அதனால் முகம் வீங்கி மூச்சுத் திணறல் ஏற்பட்டதாகவும், இனி அம்மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அந்நிகழ்ச்சியை எங்களில் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. புதிய மருத்துவர் அவ்வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுத் தம் ஏட்டின் முதற் பக்கத்தில் குறித்துக்கொண்டார். "இதைச் சொல்லாமல் நீங்கள் வந்திருந்து, நானும் அந்த ஊசியையே போட்டிருந்தால்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை.

மனிதர் நோயுற்றால், தமக்கு ஒவ்வாத மருந்து இன்னதென்று வாய்திறந்து சொல்லிவிடுவார். வாயில்லா உயிருக்கு அதன் குறிப்பேடுதான் வாய். ஆகவே மருத்துவரை மாற்ற நேரும்போது செய்ய வேண்டியவற்றை இனி வரிசையாகக் கூறுவோம்.

முதலாவதாக, ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பழைய மருத்துவரிடம் சென்று சொல்லுங்கள். அவர் தம் பதிவேட்டையே கொடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அது அவர் தொழிலுக்குரிய ஏடு. ஒரு பக்கச் சுருக்கமும், ஆய்வுக்கூட முடிவுகளின் நகலும் கேட்டாலே போதும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்குங்கள். உள்ளூரிலேயே ஒரு மருத்துவரை விட்டு வேறொருவரிடம் செல்வோர் பலர், பழையவரிடம் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் அவர் மனம் புண்படுமோ என்று அஞ்சுகிறார்கள். "வீட்டிற்கு அருகில் ஒருவரிடம் காட்டலாம் என்றிருக்கிறோம். இதுவரை நீங்கள் செய்த மருத்துவத்தை எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்" என்று மரியாதையாகச் சொன்னால் மறுப்பவர் குறைவு. மருத்துவர் ஓய்வுபெறப் போகிறார் என்றோ, மருத்துவமனையை மூடப் போகிறார் என்றோ தெரிந்தால் இன்னும் விரைந்து செயற்பட வேண்டும். மூடிய பிறகு பதிவேட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டாவதாக, அச்சுருக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அறிந்திருங்கள். நாயின் இனம், பால், நிறம், பிறந்த மாதம், தற்போதைய எடை ஆகியவை முதலில் வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் எடை இன்றியமையாதது. அடுத்து, ஒவ்வொரு தடுப்பூசியின் பெயரும், போட்ட தேதியும், அடுத்து போட வேண்டிய தேதியும், மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் வேண்டும். தடுப்பு மருந்துக் குப்பியின் மேல் ஒட்டியுள்ள சிறு சீட்டில் மருந்தின் தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கும். அச்சீட்டை உரித்து அட்டையில் ஒட்டித் தருவது நல்ல வழக்கம். ஒட்டாவிட்டால் கேட்டு ஒட்டச் செய்யுங்கள். குடற்புழு நீக்க மருந்து கொடுத்த நாட்கள், உண்ணிக் காய்ச்சல் போன்ற பழைய நோய்கள், செய்த அறுவை மருத்துவம், மயக்க மருந்தின்போது ஏற்பட்ட இடர், ஒவ்வாத மருந்துகள் ஆகியவையும் எழுதப்பட வேண்டும். வலிப்பு நோய்க்கோ இதய நோய்க்கோ அன்றாடம் மருந்து உண்ணும் நாயாக இருந்தால், மருந்தின் பெயரையும் அளவையும் வேளையையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். புதிய மருத்துவரைப் பார்க்கும்வரை போதுமான மாத்திரையையும் கையிருப்பில் வைத்திருங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு முன்னிலும் கடுமையாக வரக்கூடும்.

மூன்றாவதாக, குட்டி நாய்களின் செய்தி. டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரப் பருவத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை தொடர்ந்து போட வேண்டும். தாய்ப்பாலின்வழி வந்த எதிர்ப்பாற்றல் தொடக்கத்தில் போடும் ஊசியின் பயனைக் குறைத்துவிடக்கூடும் என்பதாலேயே இவ்வாறு பலமுறை போடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி பெரும்பாலும் மூன்று மாதம் நிறைந்தபின் போடப்படுகிறது. இவ்வரிசையின் நடுவில் ஊர் மாறினால், எத்தனையாவது ஊசி முடிந்தது என்ற குறிப்பில்லாமல் புதிய மருத்துவர் என்ன செய்வார்? ஒன்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். அல்லது நம் வாய்ச்சொல்லை நம்பி ஒன்றை விட்டுவிடுவார். முன்னதில் பணம் வீணாகும். பின்னதில் உயிர் போகவும் கூடும். பார்வோ நோய் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொண்டுபோய்விடும்.

நான்காவதாக, குறிப்பைக் கொண்டு சேர்க்கும் முறை. தாளில் ஒரு படி, கைபேசியில் புகைப்படமாக ஒரு படி என இரண்டு வைத்திருங்கள். பழைய மருத்துவர் வாட்ஸ்அப் வழியாகப் புதியவருக்கே நேராக அனுப்பக்கூடுமாயின் மிகவும் நல்லது. ஆனால் அனுப்பியதோடு நின்றுவிடாமல், முதல் நாள் செல்லும்போதே புதியவர் அதைப் படித்துவிட்டாரா என்று கேளுங்கள். நோய் வந்தபின் முதன்முறையாக ஓடுவதைவிட, நலமாக இருக்கும்போதே ஒருமுறை அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவது சிறந்தது. நாயை அழைத்துச் செல்பவர் வீட்டில் யாராக இருப்பினும், குறிப்பேடும் உடன் செல்ல வேண்டும்.

அட்டையை அறவே தொலைத்துவிட்டவர்கள் என்ன செய்வது? பழைய மருத்துவமனையின் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். போட்ட ஊசியின் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால், புதிய மருத்துவரிடம் "தெரியவில்லை" என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். வளர்ந்த, நலமான நாய்க்குத் தடுப்பூசியை மறுபடியும் போடுவதால் பொதுவாகத் தீங்கில்லை. போடாததைப் போட்டதாகச் சொல்வதில்தான் தீங்கு இருக்கிறது. இதை எங்கள் அனுபவத்தில் கண்டே சொல்கிறோம்.

மாடு வளர்ப்போர் இதில் நாய் வளர்ப்போரைவிட ஒருபடி முன்னே நிற்கிறார்கள். கோமாரி, கன்று வீச்சு நோய்களை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்கீழ் மாடுகளின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை பொருத்தப்பட்டு, தடுப்பூசி விவரம் அவ்வெண்ணின்கீழ் கணினியில் பதியப்படுகிறது. மாடு விற்கப்பட்டு வேறு ஊருக்குச் சென்றாலும் எண்ணும் உடன் செல்கிறது. ஆகவே மாடு வாங்குவோர் காதுவில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டி விவரம் கேட்கலாம். நாய்க்கும் தோலின்கீழ் அரிசிமணி அளவான மைக்ரோசிப் பொருத்தும் முறை உண்டு. அதில் 15 இலக்க எண் இருக்கும். நாயை ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசிப் பொருத்துவதற்கு முன் போட்ட வெறிநோய்த் தடுப்பூசியை அந்நாடுகள் கணக்கில் கொள்வதில்லை. சிப் பொருத்திய தேதியும் ஊசி போட்ட தேதியும் அட்டையில் சரியாக இல்லாமையால் பயணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

வெறிநோய்க்குத் தடுப்பூசி என்பதே ஒரு காலத்தில் இல்லாதிருந்தது. 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரின் மேற்பார்வையில், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அம்மருந்து செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். நம் நாட்டின் தென்பகுதிக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் அமைந்தது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளே உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டிப் பல ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுகின்றன. முகாமில் தரும் சிறு துண்டுச் சீட்டையும் தூக்கி எறியாமல் குறிப்பேட்டில் ஒட்டிவையுங்கள். முகாமில் போட்ட ஊசி நம் வழக்கமான மருத்துவரின் பதிவேட்டில் ஏறியிராது.

எங்கள் வீட்டில் இப்பொழுது மணியின் சங்கிலி தொங்கும் ஆணியிலேயே ஒரு கோடுபோட்ட நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. முதற் பக்கத்தில் ஒவ்வாத மருந்தின் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் அடுத்த ஊசியின் தேதி இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கும் அந்நோட்டு எங்கே இருக்கிறதென்று தெரியும். சென்ற வாரம் வந்தவன் அதைத் தானே எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, அடுத்த ஊசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது" என்று சொன்னான். சொல்லிவிட்டுத்தான் மணியின் அருகில் உட்கார்ந்தான்.

உங்கள் வீட்டிலும் வாயில்லா உயிர் ஒன்று இருக்குமாயின், இன்றிரவு உணவுக்குப்பின் அதன் அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். கிடைத்தால் கடைசித் தேதியை வாசியுங்கள். கிடைக்காவிட்டால் நாளைக் காலையிலேயே மருத்துவரை அழையுங்கள்.